இரண்டாவது பை

முப்பத்தொன்பதாம் மூலக்கூறு தோற்ற செய்தி
பஸ் நீலம்பூர் தாண்டும்போது வந்தது.
கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினேன்.
எலி ஏழு: தட்டணு பாதிக்கும் கீழே.
எலி ஒன்பது: மூக்கில் ரத்தம்.
எலிக்கூடம் பார்க்கும் அங்கமுத்து
அட்டவணைக்கு அடியில் சேர்த்திருந்தார்:
"கட்டி சுருங்கிருச்சுங்க. எலிதான் தாங்கலீங்க."

கருமத்தம்பட்டியில் கருணாம்பிகை ஏறினாள்.
ராத்திரி ஷிப்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி.
இரண்டு வருஷமாக இதே பஸ்,
பாதி நாள் இதே சீட்.
லேபிள் படிப்பது அவள் வேலை.
"துணிய நான் பாக்கறதில்லீங்க.
சீட்டு என்ன சொல்லுதோ, அந்தப் பொட்டி."

என் வேலையைக் கேட்டாள், முதல் தடவையாக.
என் மூஞ்சி அப்படி இருந்திருக்கும்.

எப்படிச் சொல்வது.
உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் ஆறடி நூல் என்றேன்.
"எந்த நூலுங்க? படிக்கிறதா, நெய்யறதா?"
இரண்டும்தான்.
ஈரலுக்கும் இமைக்கும் ஒரே நூல்,
கண்டு கண்டாகச் சுற்றிக் கிடக்கிறது.
கண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வாலில்
இரண்டு கார்பன் அகலத்தில் ஒரு சீட்டு.
அதைப் படிக்க ஒரு புரதம்.
நூலை அது பார்ப்பதில்லை.
தன் பைக்குள் சீட்டை வாங்கித் தடவி
'இங்கே ஓட்டு' என்று ஆள் கூப்பிடும்.
தறி ஓடத் தொடங்கும்.

புற்றில், ஒரே இடத்தில் மலையாய்ச் சீட்டு.
புரதமும் விடாமல் படிக்கிறது,
ஒரு நாள் லீவு போடாமல்.

"நம்மாளு மாதிரி" என்றாள்.

ஆமாம். நான் செய்வது போலிச் சீட்டு.
மூன்று வருஷம் கம்ப்யூட்டரில் அந்தப் பையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.
அதன் அடியில் இடம்பெயராத நாலைந்து தண்ணீர் மூலக்கூறு,
சுவரில் நீண்டு நிற்கும் ஒரு கை.
என் வீட்டுக் குளியலறையைவிட எனக்கு அது பழக்கம்.
முப்பத்தொன்பது அங்கே போய் உட்கார்ந்தது,
நிஜச் சீட்டைவிட அழுத்தமாக.
பை நிறைந்தது. படிப்பு நின்றது.
எலும்புக்குள் தட்டணு செய்யச் சொல்லும்
வரியையும் யாரும் படிக்கவில்லை.

சோமனூர்ப் பக்கம் மின்சாரம் வந்திருக்க வேண்டும்,
ஜன்னலுக்கு வெளியே தடதடவென்று கேட்டது.
ஒரு கோழி லாரி எங்களை முந்தியது,
வெள்ளை இறகு ஒன்று அவள் மடியில்.

இறகை ஊதிவிட்டு, வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:
"அப்ப அந்தப் படிக்கிறாளே, அவளுக்கு
வேலை போயிருமுங்களா?"

போய்விட்டது. அதுதான் எலி செத்தது.

"அரைநாள் லீவு குடுத்தா ஆகாதுங்களா?"

தெக்கலூரில் நாலு பேர் இறங்கினார்கள்.
கண்டக்டர் விசிலடித்தார்.
நான் பதில் சொல்லவில்லை.
அந்தப் புரதத்துக்குப் பை இரண்டு.
எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும்.
இரண்டையும் அடைப்பதே திறமை என்று இருந்தோம்.
இருபத்திரண்டாம் மூலக்கூறு,
போன ஆடியில் செய்தது,
ஓரத்தில் ஒரு வளையம் தடித்துப்போய்
முதல் பைக்குள் நுழையவே மாட்டேன் என்றது.
இரண்டாவதில் மட்டும் சுமாராக உட்கார்ந்தது.
'பலவீனம்' என்று சிவப்பில் எழுதி
ஃப்ரீசரில் கீழ்த்தட்டில் போட்டேன்.
அதற்குப் பிறகு அந்த டப்பாவைத் திறக்கவில்லை.

கருணாம்பிகை ஜன்னலில் தலை சாய்த்துத்
தூங்கிப்போயிருந்தாள்,
எட்டு மணிநேரம் சீட்டுப் படிக்கப் போகும் கண்
பாதி திறந்தபடி.

அவிநாசியில் இறங்கி, பழக்கடை வெளிச்சத்தில் நின்று
அங்கமுத்துவுக்கு அனுப்பினேன்:
இருபத்திரண்டு, நாலு மில்லிகிராம் இருக்கிறது.
தினமும் தட்டணு எண்ண வேண்டும்.

"செரீங்க. எலி எத்தனைங்க?"

ஆறு என்று அடித்தேன்.
அழித்தேன்.
மூன்று.